எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து பார்த்த ஒரு காலை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பிதழில் லாவோஸ் நாட்டைப் பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்களெல்லாம் நன்றாக இருந்தன, எழுதியவரும் ஆசையாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் ஓரத்தில் கட்டம் கட்டி 'லுவாங் பிரபாங் போனால் தவறவிடக் கூடாதவை' என்று ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள் பாருங்கள், அதில் முதலாவதாக, விடியற்காலையில் அன்னம் வாங்க வரும் புத்த பிக்குகளைப் பக்கத்தில் நின்று படம் எடுங்கள், முடிந்தால் ஒரு செல்ஃபியும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இருந்தது. அதைப் படித்ததிலிருந்து இரண்டு நாளாக எனக்கு மனசு சரியில்லை. அந்த ஊரில், அந்தத் தெருவில், அந்த நேரத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கிப் போட்டாலும் பரவாயில்லை, கடைசியில் நான் கேட்டிருப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நான் மயிலாடுதுறைக்காரி. அஞ்சல் துறையில் 36 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அம்மா இருந்தவரை வீட்டை விட்டு ஒரு ராத்திரி வெளியே தங்கியதில்லை, அவர்களுக்குக் கண்பார்வை போன பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. அம்மா காலமாகி ஒன்றரை வருடம் கழித்து, போன ஜனவரியில், தனியாகக் கிளம்பினேன். ஏன் லாவோஸ் என்று கேட்காத ஆள் இல்லை. சின்ன வயதில் தபால்தலை சேர்த்தவர்களுக்குத் தெரியும், லாவோஸ் தபால்தலை என்றால் அவ்வளவு அழகாக இருக்கும். என்னிடம் யானை போட்டது ஒன்று இருந்தது. அந்த ராஜ்யத்தின் பழைய பெயரான லான் சாங் என்பதற்கே பத்து லட்சம் யானைகள் என்றுதான் அர்த்தம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அந்த ஒரு தபால்தலைதான் காரணம், வேறு பெரிய காரணம் ஒன்றும் கிடையாது.

சென்னையிலிருந்து பாங்காக், அங்கிருந்து தலைநகர் வியன்டியேன், அப்புறம் ரயில். 2021 டிசம்பரில் ஓட ஆரம்பித்த புதுப் பாதை அது, சீன எல்லை வரை போகிறது. முன்பெல்லாம் பேருந்தில் மலையைச் சுற்றிச் சுற்றி ஒரு பகல் முழுக்கப் போன தூரத்தை இப்போது இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடலாம், பாதிக்கும் மேல் சுரங்கமும் பாலமும்தான், வெளியே எதையாவது பார்க்கலாம் என்று திரும்புவதற்குள் இருட்டிவிடும். இந்த ரயில் வந்த பிறகு ஊரில் கூட்டம் பெருகிவிட்டது என்று நான் தங்கிய விடுதியை நடத்தும் பெண் சொன்னாள். நானும் அந்த ரயிலில் வந்தவள்தான், அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான்.

ஊரைப் பற்றி இரண்டு வரி. மேகோங் ஆறும் நாம் கான் என்ற சின்ன ஆறும் சேருகிற கூடுதுறையில், இரண்டு தண்ணீருக்கும் நடுவே நீண்டு கிடக்கிற நிலத்தில் பழைய ஊர் இருக்கிறது. முப்பதுக்கும் மேலே கோயில்கள். 1975-ல் மன்னராட்சி போகும் வரை ராஜா குடியிருந்த ஊர், 1995-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ஊர். பிரபாங் என்கிற புத்தர் சிலையின் பெயரால்தான் ஊருக்கே பெயர், அந்தச் சிலை இலங்கையில் வார்க்கப்பட்டது என்பது அவர்கள் ஐதீகம். சிலை இப்போதும் பழைய அரண்மனை வளாகத்தில் இருக்கிறது. இவ்வளவு போதும், மீதியை உங்கள் கட்டுரையாளரே எழுதிவிட்டார்.

முதல் நாள் காலையில் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ரயிலில் வரும்போதே ஒரு பயண முகவர் கையில் சீட்டுக் கொடுத்தார், அன்னம் இடும் சடங்கில் நீங்களும் கலந்துகொள்ளலாம், இவ்வளவு பணம், கூடை, துண்டு, நாற்காலி எல்லாம் நாங்களே தருகிறோம் என்று. நான் சரி என்று பணத்தைக் கட்டிவிட்டேன். விடிவதற்கு முன்னால் பெரிய தெருவில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக, கல்யாணப் பந்தியில் போட்ட மாதிரி, நாற்பது ஐம்பது பேர். என் தோளில் ஒரு பெண் துண்டைச் சுற்றிவிட்டாள், மடியில் ஒரு சோற்றுக் கூடையை வைத்தாள், எல்லாம் அரை நிமிடத்தில். பிக்குகள் வந்ததும் தெருவே வெளிச்சமாகிவிட்டது. கேமரா, ஃபோன், யாரோ ஒருவர் ஒரு கம்பில் விளக்கைக் கட்டிப் பிடித்திருந்தார். ஒருவர் நடுத்தெருவில் பின்பக்கமாகவே நடந்துகொண்டு, வரிசையில் கடைசியாக வந்த சின்னப் பையனின் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி ஃபோனை நீட்டிக்கொண்டு போனார். அந்தப் பையனுக்குப் பத்து, பதினொன்று வயது இருக்கும். தலையைத் தூக்கவே இல்லை, கண்ணை மட்டும் ஒரு தடவை மூடித் திறந்தான். என் கூடை நான் நிமிர்வதற்குள் காலியாகிவிட்டது, உடனே இன்னொரு கூடையை நீட்டி அதற்கு வேறு காசு கேட்டார்கள். நான் எழுந்து அறைக்கு வந்துவிட்டேன். யாருக்கோ சேர வேண்டியதை வழியில் மறித்து நான் வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

விடுதிப் பெண்ணிடம் சொன்னேன். அவளுக்கு ஆங்கிலம் கொஞ்சம் வரும், எனக்கும் அதே கொஞ்சம்தான், கை ஜாடையும் சேர்த்துப் பேசிக்கொண்டோம். அவள் கோபப்படவில்லை. நாளைக்குப் பெரிய தெருவுக்குப் போகாதீர்கள், என் பெரியம்மா இருக்கிற சந்துக்குப் போங்கள், ஆனால் அந்தப் பக்கம் வேண்டாம், எதிர்ப்பக்கம் உட்காருங்கள், கையில் ஒன்றும் வேண்டாம் என்றாள். கொஞ்சம் யோசித்து, தோளை மூடிக்கொண்டு போங்கள் என்றாள். நான் புடவைதான், ஜனவரிக் குளிருக்கு மேலே சால்வையும் இருந்தது.

மறுநாள் ஐந்தரை மணிக்கு அந்தச் சந்தில் இருந்தேன். நாம் கான் ஆற்றுப் பக்கம் இறங்குகிற சந்து. பூட்டியிருந்த ஒரு மர வீட்டின் வாசலில் நம் ஊர்த் திண்ணை மாதிரியே ஒரு மேடை, அதில் உட்கார்ந்துகொண்டேன். நல்ல இருட்டு. ஆற்றிலிருந்து பனி ஏறி வந்து தெருவிளக்கைச் சுற்றிக்கொண்டிருந்தது. விறகுப் புகை வாசனை. நம் ஊரில் எப்போதோ போய்விட்ட வாசனை அது, வெந்நீர் அடுப்பு எரிகிற மார்கழிக் காலை வாசனை. எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் அடுப்பின் மேல் ஒரு பானை, பானை வாயில் மூங்கிலில் பின்னிய கூம்புக் கூடை, அதில் சோறு ஆவியில் வெந்துகொண்டிருந்தது, புட்டு வேகிற மாதிரி. அவர்கள் சாப்பிடுவதே ஒட்டும் அரிசிதான், காவ் நியாவ் என்கிறார்கள். முதல் நாள் ராத்திரியே ஊறப் போட்டுவிட்டு விடியலில் வேக வைக்க வேண்டும். செட்டிநாட்டுக் கவுனி அரிசி சாப்பிட்டவர்களுக்கு அந்த ஒட்டல் தெரிந்திருக்கும், இது வெள்ளையாக இருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பெரியம்மா, எழுபது வயதுக்கு மேல் இருக்கும், கூடையை இறக்கிச் சோற்றை ஒரு பலகையில் கொட்டி, மரக்கரண்டியால் இரண்டு தடவை புரட்டி ஆவியைப் போகவிட்டு, உருட்டி மூடிபோட்ட சின்ன மூங்கில் கூடையில் அடைத்தார்கள். கை சுடுமே என்று நான் இங்கே உட்கார்ந்து நினைக்கிறேன், அவர்கள் முகத்தில் அதெல்லாம் ஒன்றும் காணோம்.

அப்புறம் உள்ளே போய்ப் புடவைத் தலைப்பு மாதிரி ஒரு நெய்த துண்டை இடது தோளில் குறுக்காகப் போட்டுக்கொண்டு வந்தார்கள். வாசலில் பாய் விரித்தார்கள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்தார்கள். பக்கத்து வீடுகளிலிருந்து இன்னும் மூன்று பெண்கள், ஒரு கிழவர். யாரும் யாரோடும் பேசவில்லை. என்னை ஒருத்தி பார்த்தாள், நான் கைகூப்பினேன், அவளும் கைகூப்பினாள், அதோடு சரி. தூரத்தில் ஏதோ ஒரு கோயிலில் முரசு அடித்தது.

நான் எதிர்பார்த்தது காலடிச் சத்தத்தை. ஆனால் அவர்கள் வெறுங்காலோடு வருகிறார்கள், சத்தமே இல்லை. திருப்பத்தில் முதலில் துவரும் மஞ்சளுமாக ஒரு நிறம்தான் தெரிந்தது, அப்புறம்தான் அது ஆள் என்று தெரிந்தது. மூத்தவர் முதலில், அப்படியே வயது வரிசையில் இளையவர்கள், கடைசியில் சின்னப் பிள்ளைகள். பதினேழு பேர் எண்ணினேன். எல்லோர் தோளிலும் வார் கட்டித் தொங்கவிட்ட பிட்சைப் பாத்திரம், மேலே மூடி. அந்தப் பெண்கள் பக்கம் வரும்போது மூடியைக் கொஞ்சம்போலத் தூக்குகிறார்கள், டிங் என்று ஒரு சின்னச் சத்தம். பெரியம்மா கூடையிலிருந்து மூன்று விரலால் கிள்ளி நெல்லிக்காய் அளவு சோற்றை உள்ளே போடுகிறார்கள், மூடி இறங்குகிறது, அடுத்த மூடி தூக்குகிறது. அவர்கள் விரல் பாத்திரத்தின் விளிம்பில்கூடப் படவில்லை, பெண்கள் பிக்குவைத் தொடக் கூடாது. பார்வையும் நிமிரவில்லை, அங்கே தெரிவதெல்லாம் பாத்திரமும் பாதமும்தான். பதினேழு பேருக்கும் அந்த ஒரு கூடைதான். அளவு குறையவும் இல்லை, கடைசிப் பையனுக்கு வரும்போது மிச்சம் பிடிக்கவும் இல்லை. 36 வருடம் கவுண்டரில் நின்று எண்ணிக் கொடுத்த கைக்கு அது என்ன பழக்கம் என்று தெரியும். ஒரு நாள் இரண்டு நாளில் வருவதில்லை அது.

இதைப் பிச்சை என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருந்தார்கள். தாக் பாத் என்று அவர்கள் சொல்வதில் இருக்கும் 'பாத்' நம் 'பாத்திரம்' வந்த அதே வழியில் வந்த சொல். பிக்குகள் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை, நன்றி சொல்வதும் இல்லை. கொடுக்கிறவர்கள்தான் கொடுக்கிற வாய்ப்புக்காக விடியலுக்கு முன்னால் எழுந்து அடுப்பு மூட்டி மண்டியிட்டுக் காத்திருக்கிறார்கள். பிக்குகள் சாப்பிடுவது மத்தியானத்துக்குள் மட்டும்தான், உச்சி தாண்டினால் அடுத்த நாள் காலை வரை ஒன்றும் கிடையாது. குழம்பு, காய் இதெல்லாம் காலையில் தெருவில் தருவதில்லையாம், அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து அப்புறம் கோயிலுக்கே எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பார்களாம், விடுதிப் பெண் சொன்னாள்.

வரிசைக்குக் கொஞ்சம் முன்னால் சந்து முனையில் ஒரு சிறுமி அட்டைப்பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு மண்டியிட்டிருந்தாள். நான் அவளும் போடத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். பெட்டி காலி. பிக்குகள் அவளைத் தாண்டும்போது ஒருவர் பாத்திரத்திலிருந்து ஒரு உருண்டை எடுத்துப் பெட்டியில் வைத்தார், அடுத்தவர் ஒரு வாழைப்பழம், அதற்கடுத்த சின்னப் பையன் இரண்டு உருண்டை. இந்த வீட்டில் வாங்கினது அடுத்த முனையில் இன்னொரு வீட்டுக்குப் போகிறது, நடுவில் ஒரு வார்த்தை இல்லை. முதல் நாள் பெரிய தெருவில் நான் இதைப் பார்க்கவே இல்லை. இருந்திருக்கும். வெளிச்சத்தில் எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சின்னப் பையன்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். படிக்க வைக்க வசதியில்லாத மலைக்கிராமங்களிலிருந்து பல பிள்ளைகள் இந்தக் கோயில்களில் சாமணேரராக, இளம் துறவியாக, சேர்ந்துதான் பள்ளிப்படிப்பையே முடிக்கிறார்கள். அதாவது கட்டுரையில் 'அழகிய குட்டித் துறவி' என்று போட்டிருந்தீர்களே, அது ஐந்தாவதோ ஆறாவதோ படிக்கிற ஒரு வீட்டுப் பிள்ளை, தன் காலைச் சாப்பாட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருக்கிறான். நம் பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் தட்டை வைத்துக்கொண்டு சத்துணவுக்கு வரிசையில் நிற்கிற பிள்ளையின் மூஞ்சிக்கு நேரே வெளிநாட்டுக்காரர் ஒருவர் தினமும் விளக்கடித்துப் படம் எடுத்தால் நாம் சும்மா இருப்போமா? அந்தப் பிள்ளையின் பெற்றோர் விடுவார்களா? இவன் காவி கட்டியிருக்கிறான், வாயைத் திறந்து எதுவும் சொல்ல முடியாது, அந்த ஒரு காரணத்துக்காக நமக்கு எப்படி உரிமை வந்துவிடுகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

சரி, அந்தக் காலைக்கே வருகிறேன்.

பதினேழு பேரும் தாண்டிப் போய்விடுவார்கள் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. கிழவரைத் தாண்டியதும் வரிசை நின்றது, அப்படியே திரும்பி அந்த ஐந்து பேரையும் பார்த்து நின்று மெதுவாக ஓத ஆரம்பித்தார்கள். ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ. மூத்தவர் குரல் கரகரவென்று, பையன்கள் குரல் மெல்லிசாக, இன்னும் உடையாத குரல். பெரியம்மா பக்கத்தில் ஒரு சின்ன பாட்டில் தண்ணீர் இருந்தது, நான் குடிக்க வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். ஓதல் தொடங்கியதும் அதைத் திறந்து ஒரு கிண்ணத்தில் சரித்தார்கள். ஊற்றவில்லை, நூல் மாதிரி, ஓதல் முடியும் வரைக்கும் அறுந்துவிடாதபடி அவ்வளவு மெல்லிசாக விட்டார்கள். கை நடுங்குகிற வயது, தண்ணீர் நடுங்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. பிக்குகள் திருப்பத்தில் மறைந்த பிறகு, மற்ற பெண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது, பெரியம்மா எழுந்து கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசல் ஓரத்து மாமரத்தடிக்குப் போய்க் குனிந்து வேரில் ஊற்றிவிட்டு, ஈரமண்ணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்கள்.

அப்போது விடிந்துவிட்டது. சந்தில் நானும் அவர்களும்தான்.

விடுதிப் பெண்ணிடம் கேட்டதற்கு யாத் நாம் என்றாள், நாம் என்றால் தண்ணீர். அன்றைக்குச் செய்த புண்ணியத்தைச் செத்துப்போனவர்களுக்குச் சேர்ப்பிப்பது. பேரைச் சொல்லிச் சொல்லி விட வேண்டும். பூமிக்கு ஏன் ஊற்றுவது என்றால் பூமாதேவிதான் சாட்சி, அவள் பேர் நாங் தோரணி என்றாள். தோரணி! நம் தரணிதான். எனக்கு அதைக் கேட்டதும் உடம்பு சிலிர்த்துவிட்டது. பெரியம்மா யார் யார் பேரைச் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அவளாகவே, பெரியப்பா, அப்புறம் இரண்டு பையன்கள் என்றாள்.

ஆசிரியர் ஐயா, இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். என் அம்மாவுக்கு நான் ஒரே பெண். கடைசி ஆறு வருடம் குளிப்பாட்டினது, ஊட்டினது, ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து புரட்டிப் படுக்க வைத்தது எல்லாம் நான். அம்மா போனபோது கொள்ளி வைத்தது பெரியப்பா மகன், பதினாறாம் நாள் காரியம் செய்ததும் அவன்தான். நல்லவன், குறை சொல்ல மாட்டேன், கூப்பிட்ட போதெல்லாம் வந்தான். அந்த வருடம் ஆடி அமாவாசைக்குத் துலாக்கட்டத்தில் அவன் காவிரியில் இறங்கி எள்ளும் தண்ணீரும் விட்டான், நான் படியில் அவன் சட்டையையும் வாட்ச்சையும் பிடித்துக்கொண்டு நின்றேன். பேர் கேட்டபோது அம்மாவின் பாட்டி பேர் அவனுக்குத் தெரியவில்லை, நான் படியிலிருந்து சொன்னேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அப்படித்தான் வழக்கம் என்று நின்றுவிட்டேன். ஒன்றரை வருடம் அது என் மனசில் உறுத்தியது என்றுகூட எனக்குத் தெரியாது. அந்த மாமரத்தடியில் ஒரு பெண் தன் கையால், தன் வாயால் பேர் சொல்லித் தண்ணீர் விடுவதைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

நான் அங்கே ஒன்றும் செய்யவில்லை. அது அவர்கள் வீட்டு மரம், அவர்கள் வீட்டுப் பேர்கள். எழுந்து ஆற்றங்கரைப் பக்கம் நடந்தேன். நாம் கான் மேலே மூங்கிலாலேயே ஒரு பாலம் கட்டியிருக்கிறார்கள், மழைக்காலம் வந்தால் வெள்ளத்தில் போய்விடும் என்று ஒவ்வொரு வருடமும் எடுத்துவிட்டு மறுபடி தண்ணீர் வற்றியதும் கட்டுகிறார்கள். நடந்தால் கிறீச் கிறீச் என்கிறது. அந்தப் பக்கம் போகவில்லை, முனையில் நின்றுகொண்டிருந்தேன். அப்புறம் காலைச் சந்தையில் ஒரு பெண் அடியில் கெட்டிப் பாலை ஊற்றி மேலே கறுப்புக் காபியை விட்டுக் கண்ணாடித் தம்ளரில் கொடுத்தாள், கலக்காமல் கொஞ்ச நேரம் இரண்டு நிறத்தையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் குடித்தேன். ஆற்றுப்பாசியைக் காகிதம் மாதிரி காயவைத்து எள் தூவி விற்கிறார்கள், அதில் இரண்டு கட்டு வாங்கினேன். மத்தியானம் வரை அறையில் படுத்திருந்தேன். போக வேண்டிய குகை, ஏற வேண்டிய குன்று எதற்கும் போகவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

அந்த ஊரில் நான்கு காலை இருந்தேன். மூன்று காலை அதே திண்ணை. நான்காவது நாள் பெரியம்மா எனக்குக் கொஞ்சம் சோறும் மிளகாய்த் துவையலும் வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்தார்கள். சபாய்தீ என்றார்கள், நான் கோப் சாய் என்றேன். இரண்டு பேருக்கும் பொதுவாக அந்த இரண்டு சொல்தான்.

தனியாகப் போக விரும்பும் பெண்கள் என்னிடம் பயமாக இல்லையா என்று கேட்கிறார்கள். விமான நிலையத்திலும் ரயிலேறும்போதும் பயமாகத்தான் இருந்தது. காசை எண்ணிக் கொடுக்கும்போதும் தடுமாற்றம்தான், அங்கே கிப் என்கிற அவர்கள் நோட்டு எல்லாம் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. ஆனால் கூட யாராவது வந்திருந்தால் நான் அந்தச் சந்தில் ஒன்றரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்க மாட்டேன், என்ன பார்க்கிறாய், போகலாமா, குளிருகிறதே என்று ஏதாவது வந்திருக்கும். குழுவாகப் போகிறவர்களுக்குக் கடிகாரம் வேறு ஒருவர் கையில் இருக்கிறது. பிக்குகள் தாண்டியதும் வேன் கிளம்பிவிடும். முதல் நாள் நான் பார்த்தேன், வரிசை போன இரண்டாவது நிமிடம் நாற்காலிகளை அடுக்கிவிட்டார்கள், அத்தனை பேரில் ஒருவர்கூடத் தண்ணீர் விடுவதைப் பார்க்கவில்லை. அது அப்புறம்தான் நடக்கிறது.

இனி நான் கேட்க வந்தது. அங்கே கோயில் வாசல்களிலேயே பயணிகளுக்கு அறிவிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். எட்ட நில்லுங்கள், பேசாதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள், பிக்குகள் மேல் உரசாதீர்கள், தோளும் காலும் மூடிய உடை போடுங்கள், மனசார விருப்பம் இருந்தால் மட்டும் அன்னம் இடுங்கள், சோறு வாங்குவதானால் வழியில் விற்பவர்களிடம் வாங்காமல் காலைச் சந்தையில் வாங்குங்கள், பிக்குகளைவிட உயரமான இடத்தில் நிற்காதீர்கள் என்று. அவ்வளவு தெளிவாக, அவ்வளவு பணிவாக அந்த ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது, நம் வாசகர்களிடம் பக்கத்தில் போய் நில்லுங்கள் என்று நாம் எழுதலாமா? உங்கள் பத்திரிகையை எடுத்து வைத்துக்கொண்டு பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும், என் தெருவிலேயே மூன்று வீடு. அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்தக் கட்டத்தின் முதல் வரியைத் திருத்தி, மேலே சொன்ன அறிவிப்பை அப்படியே போட்டுவிடுங்கள். இடம் போதாது என்றால் என் கடிதத்தை எடுத்துவிட்டு அதை மட்டும் போடுங்கள். அப்படியே 'ஏழு நாளில் மூன்று நாடு' என்கிற அந்தத் தொடரில், ஒரு ஊருக்காவது ஒரு காலைக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் வெறுமனே விட்டுப் பாருங்கள்.

இந்த ஆடி அமாவாசைக்குத் துலாக்கட்டத்தில் நானே இறங்கப் போகிறேன். பெரியப்பா மகனிடம் சொல்லிவிட்டேன். சரி அக்கா, நான் படியில் நிற்கிறேன் என்றான்.

அந்தச் சந்தின் பெயரை நான் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. கேட்டு யாரும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
மயிலாடுதுறை.